மீற்றர் திரும்பி ஏறியபோது

வன்னிப் பள்ளிக்கூடங்களுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இலட்சிய வாயு என்று ஒன்று உலகத்தில் எங்கேயும் இல்லை. மூலக்கூறுகளுக்கு இடையில் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று நாங்களாகவே வைத்துக்கொண்டு கணக்குச் செய்கிறோம். கணக்கும் அழகாக வரும். ஆனால் உங்கள் முன்னால் வகுப்பு வாங்கில் இருக்கும் பிள்ளைகள் ஒட்டும் உறவும் தவிர வேறொன்றும் இல்லாத ஊர்களில் இருந்து வருகிறார்கள். இதை மறந்துவிடாதீர்கள்.

நான் ஓய்வு பெற்ற பிறகு, புதிய ஆசிரியர்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொல்லி வலயக் கல்விப் பணிமனையில் கேட்டார்கள். "ஊக்கமா இருக்கிற மாதிரி எழுதுங்கோ ரீச்சர்" என்றார் கேட்டவர். என்னிடம் இருக்கிற ஊக்கத்தின் அளவு எனக்குத் தெரியும் என்பதால் ஒரு மாதம் இழுத்தடித்தேன். பிறகு, தெரிந்ததைத்தானே எழுதலாம் என்று எழுதத் தொடங்கிவிட்டேன்.

வெப்பவியக்கவியலின் முதலாம் விதியை எங்கள் பிள்ளைகள் மந்திரம் போலச் சொல்வார்கள். வாயுவுக்குக் கொடுத்த வெப்பம், அதன் அகச்சக்தி கூடியதற்கும் அது வெளியே செய்த வேலைக்கும் சமம். அவ்வளவுதான் விதி. பாட்டு மாதிரி ஒப்புவித்துவிட்டு, சைக்கிள் பம்பை அடித்தால் ஏன் சுடுகிறது என்று கேட்டால் வகுப்பே ஒரே குரலில் "உராய்வு ரீச்சர்" என்று சொல்லும். நான் ஆய்வுகூட அலுமாரியில் இருந்து பம்பை எடுத்துக் கொடுத்து, வாயை விரலால் பொத்திக்கொண்டு அடிக்கச் சொல்வேன். பம்பு சுடும். "பார்த்தீங்களே, உராய்வு" என்பார்கள். இப்படியே வருடாவருடம்.

ஒரேயொரு வருடம் ஒரேயொருவன் மட்டும் பம்பை மேலும் கீழும் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டான். "உராய்வெண்டா முழுக்கவெல்லோ சுட வேணும் ரீச்சர். இது ஏன் அடியில மட்டும் சுடுது?"

அவன் பெயர் சுகந்தன். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவனே கண்டுபிடித்தான். காற்றை வேகமாக அமுக்கும்போது நாங்கள் அதன்மீது வேலை செய்கிறோம். வெப்பம் வெளியே போவதற்கு நேரம் இல்லை. செய்த வேலை முழுவதும் அகச்சக்தியாக உள்ளே தங்கிவிடும், அதனால் காற்று சூடாகும். அமுங்கிய காற்று அடியில்தானே இருக்கிறது, அடிதான் சுடும். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோசத்தை இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது.

பல்கலைக்கழகத்தில் பொறியியலுக்கான வெட்டுப்புள்ளிக்கு அவனுடைய புள்ளிகள் போதாமல் போய்விட்டன. கொஞ்சக் காலம் வவுனியாவில் ஒரு கடையில் நின்றான். பிறகு ஊருக்கு வந்து கடற்கரையோரம் ஒரு கொட்டில் போட்டு, கொம்பிரசர் ஒன்றை வாங்கி வைத்து, கடலடிக்கு இறங்கிக் கடலட்டை பிடிக்கிற சுழியோடிகளின் சிலிண்டர்களுக்கு மூச்சுக் காற்று அடிக்கத் தொடங்கினான். நல்ல தொழில். எங்கள் பக்கத்தில் அவனுடையது ஒன்றுதான். எங்கள் ஆய்வுகூடத்துக்கு இரண்டு மின்விசிறியும் வாங்கித் தந்தான். தன் பெயரை எழுத வேண்டாம் என்றான், பள்ளிக்கூட அதிபர்தான் கேட்காமல் எழுதிவித்தார்.

தொடக்கத்தில் அவன் செய்த முறை எனக்குத் தெரியும், ஏனென்றால் ஒருநாள் என்னைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டினான். மெதுவாக அடிப்பான், ஆறவிடுவான், ஆறியதும் அமுக்கம் இறங்கும், திரும்பவும் அடித்து நிரப்புவான். பிறகு அட்டைக்கு விலை ஏறியது. வெளியில் இருந்தும் படகுகள் வந்தன. விடியப்புறம் கொட்டில் வாசலில் சிலிண்டர்கள் வரிசை கட்டின. ஆறவிட அவனுக்கு நேரம் இல்லாமல் போனது. ஒரே மூச்சில் அடித்து, அமுக்கம் காட்டுகிற மீற்றரின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டதும் கழற்றிக் கொடுத்துவிடுவான்.

இதற்கு மேல் ஒரு பழக்கம் வந்து சேர்ந்தது. இது எங்கள் கரையில் மட்டும்தான் இருந்ததோ தெரியாது. சுழியோடிகள் சிலிண்டர்களைக் கையால் தொட்டுப் பார்த்து எடுப்பார்கள். சூடாக இருப்பது நன்றாக அடித்தது, குளிர்ந்திருப்பது பழசு. அடுப்பில் இருந்து இறக்கிய சோறு மாதிரி. படகில் மூத்தவருக்குத்தான் முதல் தெரிவு. அவர் தொட்டுப் பார்த்து ஆகச் சூடானதை எடுத்துக்கொள்வார், மற்றவர்களுக்கு மிச்சம்.

கமலன் என்கிறவர் அப்படித்தான் ஒருநாள் ஆகச் சூடானதை எடுத்தார். தர்மபுரத்தில் பிறந்தவர். அவருடைய தகப்பன் தாய் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இருந்து வந்து அங்கே காடு வெட்டிக் காணியாக்கி இருந்த ஆட்கள். எங்கள் ஊரில் கலியாணம் செய்து, வயலை விட்டுக் கடலுக்கு வந்தார். பத்து வருடத்துக்கு மேல் சுழியோடியும், கோபம் வந்தால் அவரை "தோட்டத்து ஆள்" என்று சொல்கிற வாய்கள் ஊரில் இருந்தன. அவருடைய மகள் நிலானி அப்போது எங்கள் பள்ளிக்கூடத்தில் பதினோராம் வகுப்பில், சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

அன்று கமலனும் படகில் இருந்த இன்னொருவரும் ஒன்றாக இறங்கினார்கள். மற்றவருக்குக் கிடைத்தது முதல் நாள் மிஞ்சி, ஆறிக் கிடந்து, காலையில் அதே கோடு வரை கொஞ்சம் மட்டும் சேர்த்து அடித்த சிலிண்டர். அது குளிராக இருந்ததால் ஒருவரும் எடுக்கவில்லை. கடலுக்குள் மீற்றர் கொண்டு போகிறவர்கள் எங்கள் பக்கம் இல்லை, பழக்கம்தான் அளவு. வழக்கமாக மேலே வருகிற நேரத்துக்கு முன்னமே கமலனுக்குக் காற்று முடிந்துவிட்டது. ஆழத்தில் இருந்து மெதுவாக, ஆறுதலாக வர வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். காற்று இல்லாதவர் எப்படி ஆறுதலாக வருவார்? ஒரேயடியாக மேலே வந்தார். இரத்தத்தில் கரைந்திருந்த வாயு குமிழாகி முள்ளந்தண்டைத் தாக்கியது. கொழும்பு வரை கொண்டு போனார்கள். உயிர் தப்பியது, இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பி வரவில்லை.

கூட இறங்கியவர் வழக்கமான நேரம் முழுக்கக் கீழே இருந்துவிட்டு, மிச்சக் காற்றோடு ஆறுதலாக வந்தார். ஊருக்கு இதுவே போதுமாக இருந்தது. ஒரே இடம், ஒரே மீற்றர், ஒருவருக்குக் காற்றுப் போதும், மற்றவருக்குப் போதாது என்றால் என்ன அர்த்தம்? பேராசையில் அட்டைக்குப் பின்னால் ஓடி ஓடி மூச்சைச் செலவழித்திருக்கிறார். அல்லது அவருடைய குழாயில் வாசர் தேய்ந்து காற்று ஒழுகியிருக்கிறது. இரண்டில் எதுவென்றாலும் பிழை அவருடையது.

கடற்றொழிலாளர் சங்கத்தில் இதை விசாரிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வைத்தார்கள். பிழை கமலனுடையது என்றால் சங்கத்துக்கும் கொட்டிலுக்கும் பொறுப்பு இல்லை. காற்று அடித்ததில் பிழை என்றால் அந்தக் குடும்பத்தைக் கொட்டில் பார்க்க வேண்டும். ஆனால் கமலனின் மனைவி மகளையும் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தபோது அவா கேட்டது வேறு.

"அவர் ஒண்டும் வேண்டாமெண்டுறார் ரீச்சர். தன்னைப் பேராசைக்காரன் எண்டு மட்டும் எழுதக்கூடாதாம். இரவெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு கிடக்கிறார்."

நிலானி இடையில் கேட்டாள். "அப்பா எடுத்தது ஆகச் சூடான சிலிண்டர் ரீச்சர். அதில எப்பிடிக் காத்துக் குறையும்?"

கேள்வியைக் கேட்டதுமே எனக்கு விடை தெரிந்துவிட்டது. சூடாக இருந்தபடியால்தான் குறைவு, பிள்ளை என்றேன். மீற்றர் காற்றை எண்ணுவதில்லை, காற்று எவ்வளவு பலமாக உள்ளிருந்து தள்ளுகிறது என்றுதான் காட்டும். கொஞ்சக் காற்றும் சூடாக இருந்தால் பலமாகத் தள்ளும்.

திங்கட்கிழமை அதிபர் என்னைக் கூப்பிட்டார். எப்படித் தெரிந்ததோ, ஊரில் கதை காற்றை விட வேகம். "உது சங்கத்தின்ர பிரச்சினை ரீச்சர். நாங்கள் படிப்பிக்க வந்தனாங்கள், படிப்பிச்சுப்போட்டுப் போவம்" என்றார்.

"நான் படிப்பிக்கத்தான் போறன் சேர்" என்றேன்.

அவர் ஆய்வுகூடப் பக்கம் கண்ணைக் காட்டினார். அங்கே சுகந்தன் தந்த மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடத்தில் நிற்க இடம் இல்லை. கமலனின் சக்கர நாற்காலி வாசல் படியில் ஏறவில்லை, இரண்டு பேர் தூக்கி வைத்தார்கள். நிலானி நாற்காலியின் பின்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். சுகந்தன் முன்வரிசையில் இருந்தவன் என்னைக் கண்டதும் எழும்பி நின்று கதிரையைத் தந்தான். அந்த மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அவன் எப்போதும் மரியாதையான பொடியன்.

நான் சங்கத் தலைவரிடம் ஒன்று மட்டும் கேட்டேன். அன்றைக்கு அடித்த மாதிரியே ஒரு சிலிண்டருக்கு இப்போது காற்று அடிக்க வேண்டும், அதில் மீற்றரைப் பூட்டி எல்லோருக்கும் முன்னால் மேசையில் வைக்க வேண்டும். அத்தனை பேருக்கு முன்னால் சுகந்தனால் மறுக்க முடியவில்லை. கொட்டில் பக்கத்தில்தான். வேகமாக அடித்துக் கொண்டுவந்தார்கள். முள் சிவப்புக் கோட்டில் நின்றது. பழைய சுழியோடி ஒருவர் வந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "நல்லா அடிச்சிருக்கு" என்று தலையாட்டினார். சனம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சிலிண்டரைத் தண்ணீர்த் தொட்டி ஒன்றுக்குள் இறக்கி, மீற்றர் மட்டும் வெளியே தெரிய வைத்தோம். தண்ணீரில் ஒரு குமிழும் வரவில்லை. தேத்தண்ணி வந்தது. குடித்து முடிந்து, கதைத்து, வெற்றிலை போட்டு முடிவதற்குள் முள் கோட்டில் இருந்து ஒரு விரல் அகலம் கீழே வந்துவிட்டது.

"சுகந்தன், மீற்றர் ஏன் இறங்கினது?" என்று கேட்டேன். வகுப்பில் கேட்கிற அதே குரலில்தான் கேட்டேன்.

அவன் மீற்றரைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை. "எங்கையோ லீக் போல ரீச்சர். சின்ன லீக்கெண்டா குமிழ் தெரியாது."

"ஓம், லீக்தான், லீக்தான்" என்று பின்னால் குரல்கள் வந்தன. கமலனின் வாசரும் இப்படித்தான் ஒழுகியிருக்கும் என்று ஒருவர் சொன்னார். கூட்டம் முடிந்துவிட்ட மாதிரி ஆட்கள் அசையத் தொடங்கினார்கள்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று. நெருக்கடியில் நிற்கும்போது குரலை உயர்த்தாதீர்கள், அடுத்த பரிசோதனையைச் செய்யுங்கள். நான் குசினியில் தேத்தண்ணிக்குச் சுட வைத்த பெரிய கிடாரத்தில் இருந்து தண்ணீர் எடுத்துக் கலக்கச் சொன்னேன். கை பொறுக்கும் சூடு. அதற்குள் அதே சிலிண்டரை இறக்கினோம்.

காத்திருந்தபோது சொன்னேன். "இதுக்குள்ள இருக்கிற காத்து விரியவும் ஏலாது, சுருங்கவும் ஏலாது. இரும்பு விடாது. அப்ப அது வேலை ஒண்டும் செய்யேல்லை. வெப்பம் வெளிய போனா அந்தளவுக்கு அகச்சக்தி குறையும், தள்ளுற பலம் குறையும். வெப்பத்தைத் திருப்பிக் குடுத்தா பலமும் திரும்பி வரும். காத்து ஒழுகியிருந்தா வராது. இப்ப முள்ளைப் பாருங்கோ."

முள் ஏறியது. மெதுவாக, எல்லோருடைய கண்ணுக்கும் முன்னால் ஏறியது. முதல் இருந்த சூடு வரவில்லை என்பதால் கோடு வரைக்கும் போகவில்லை, ஆனால் கிட்டப் போய் நின்றது.

"ஒழுகின காத்து எந்த வழியால திரும்பி உள்ள வந்தது, சுகந்தன்?"

அவன் நிலத்தைப் பார்த்தான். பம்பை மேலும் கீழும் தடவிப் பார்த்த அதே விரல்களால் சேட்டுப் பொத்தானைத் திருகினான்.

"அதெல்லாம் இப்ப மறந்துபோச்சு ரீச்சர்" என்றான்.

அவன் மறக்கவில்லை. எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். பிழை விடுகிற பிள்ளையைத் திருத்தலாம். சரியான விடை தெரிந்துகொண்டு பிழையை எழுதுகிறவனுக்கு எங்கள் பயிற்சிக் கலாசாலைகளில் ஒரு மருந்தும் சொல்லித் தரவில்லை. அன்று எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் போகவில்லை.

கமலன் அப்போதுதான் வாய் திறந்தார். "அப்ப நான் பேராசையில மூச்சைச் செலவழிக்கேல்லை. அதை மட்டும் சொல்லுங்கோ தலைவர். வேறொண்டும் கேக்கேல்லை."

தலைவர் கெட்ட மனிதர் இல்லை. அவர் சனத்தைப் பார்த்தார். சனம் அவரைப் பார்த்தது. அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் சுகந்தனுக்குச் சொந்தம், மிச்சப் பாதிக்கு விடிந்தால் அவனிடம்தான் காற்று அடிக்க வேண்டும். வேறு கொட்டில் இல்லை. நான் காட்டியது பிழை என்று ஒருவரும் சொல்லவில்லை. அதுதான் கொடுமை, எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

"ரீச்சர் வடிவா விளங்கப்படுத்தினவா" என்று தலைவர் தொடங்கினார். "எண்டாலும் இது கடலுக்குள்ள நடந்த விசயம். கடலுக்குள்ள நடந்ததைக் கண்டவை ஆர்? ஒருதரையும் குறை சொல்லாமல் விடுவம். கமலனும் எங்கட பிள்ளைதான்."

அது வரைக்கும் கமலனை எங்கட பிள்ளை என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. காரணம் தெரியவில்லை என்று எழுதிக் கூட்டத்தை முடித்தார்கள். நாற்காலியைப் படியால் இறக்குவதற்கு ஆள் தேட வேண்டியிருந்தது, தூக்கி வைத்தவர்கள் போய்விட்டார்கள். நானும் நிலானியும் ஒரு பக்கமும், அவளுடைய தாய் மறுபக்கமும் பிடித்து இறக்கினோம்.

அந்தக் கிழமை முடிவதற்குள் சுகந்தன் கொட்டிலுக்குள் சீமெந்தால் ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டினான். சிலிண்டர்களைத் தண்ணீருக்குள் வைத்து, மெதுவாக அடித்து, ஆறியதும் திரும்பவும் நிரப்பினான். வெப்பம் போகப் போக அடித்தால் அதே கோட்டில் கூடக் காற்று நிற்கும். பாடப்புத்தகத்தில் இருப்பதை விடச் சரியாகச் செய்தான். வாயால் சொல்லாததைச் சீமெந்தால் சொல்லியிருக்கிறான் என்று நான் முதலில் கொஞ்சம் ஆறுதல்பட்டேன். இதுவே ஊருக்கு விளங்கும், கமலனின் பெயர் தன்பாட்டில் துடைபட்டுவிடும் என்று நினைத்தேன்.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? "சுகந்தன் நல்ல பொடியன். ஒருதரும் கேக்காமலே தன்ர செலவில தொட்டி கட்டியிருக்கிறான்." அதற்குப் பிறகு ஒருவருக்கும் காற்றுப் போதாமல் போகவில்லை. அதையும் கமலனின் தலையில்தான் போட்டார்கள். "பாத்தீங்களே, அந்தாளுக்குப் பிறகு ஒருதருக்கும் ஒண்டும் நடக்கேல்லை. அளவறிஞ்சு நிண்டா கடல் ஒண்டும் செய்யாது." சந்தையிலும் கோயில் வாசலிலும் இதை என் காதாலேயே கேட்டேன். நான் தண்ணீர்த் தொட்டியைப் பற்றிச் சொல்ல வாய் எடுத்தால், "ஓம் ரீச்சர், நீங்கள் அண்டைக்கு வடிவாச் செய்து காட்டினீங்கள்" என்று சொல்லிக் கதையை மாற்றிவிடுவார்கள். எதிர்த்து வாதாடினால் பதில் சொல்லலாம். பாராட்டிவிட்டுப் போகிறவர்களை என்ன செய்வது?

நிலானிக்குச் சாதாரணதரத்தில் கணிதமும் விஞ்ஞானமும் அதிவிசேட சித்தி. அந்த வருடம் எங்கள் பள்ளிக்கூடத்தில் வேறு ஒரு பிள்ளைக்கும் இரண்டும் அப்படி வரவில்லை. உயர்தரத்துக்கு அவள் கணிதப் பிரிவுக்குத்தான் வருவாள் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வர்த்தகப் பிரிவு வகுப்பில் போய் இருந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டு, இடைவேளையில் ஆய்வுகூடத்துக்குக் கூப்பிட்டேன்.

உன்னைப் போல ஒரு பிள்ளைக்காகத்தான் இவ்வளவு வருடம் காத்திருந்தேன் என்பதைச் சொல்லவில்லை. வேறு எல்லாம் சொன்னேன். பொறியியல், பல்கலைக்கழகம், எதிர்காலம், நாங்கள் வழக்கமாகச் சொல்கிற எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தலையைக் குனியாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். தகப்பனின் தன்மானம் அவளிடம் இருந்தது.

"ரீச்சர், நீங்கள் எல்லாருக்கும் முன்னால நிரூபிச்சுக் காட்டினீங்கள்" என்றாள். "ஒருதரும் பிழையெண்டு சொல்லேல்லை. அதுக்குப் பிறகும் அப்பாவுக்கு அதே பேர்தான். நானும் படிச்சு, நானும் ஆருக்கு நிரூபிக்கிறது?"

வகுப்பில் பிள்ளைகள் கேட்கிற கேள்விக்கு விடை தெரியாவிட்டால், "நாளைக்குப் பார்த்துச் சொல்லுறன்" என்று சொல்வது என் பழக்கம். அன்று அதையும் சொல்லவில்லை. மணி அடித்தது, அவள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகும் ஓய்வு பெறும் வரை முதலாம் விதியைப் படிப்பித்தேன். சுருக்கக் குறிப்பு எழுதிப் போட்டேன், கடந்தகால வினாக்கள் செய்வித்தேன், பெறுபேறும் குறையவில்லை. பம்பை மட்டும் வெளியே எடுக்கவில்லை. அது ஆய்வுகூட அலுமாரியில் மேல்தட்டில், இடது மூலையில் கிடக்கிறது. வாசர் காய்ந்திருக்கும், கொஞ்சம் எண்ணெய் விட்டால் வேலை செய்யும். உங்களில் யாருக்காவது மனம் வந்தால் எடுத்துப் பாவியுங்கள்.